குளத்தடியில் முருகன் பாட்டு

ஞாயிறு, இரவு

தலைமுடியில் இன்னும் குளோரின் வாடை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

லீவுக்குத் தீவுக்குப் போகிறோம், நீயும் கடலுக்குள் இறங்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்து என்னையும் தன்னோடு டைவிங் வகுப்பில் சேர்த்திருந்தாள். இன்று நீச்சல் குளத்தில் முதல் பாடம்.

முதுகில் கட்டிய டாங்கில் ஆக்சிஜனா என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்கும் ரஹீம் சிரித்தார்.

"இல்லக்கா, நாம சுவாசிக்கிற அதே காத்துதான், அமுக்கி அடைச்சிருக்கு. மூச்ச மட்டும் அடக்கிடாதீங்க. மேல வரும்போது நுரையீரல் தாங்காது."

தலையாட்டினேன். தண்ணீருக்குள் தலை போனதும் அடக்கிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், எழுந்து நின்றேன்.

"குமிழியே வரலையேக்கா!"

மறுபடியும் அப்படித்தான். பிறகுதான் பிடிபட்டது. பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் சிப் பார்க்கிற வேலை எனக்கு. கை ஆடக் கூடாதென்று மூச்சைப் பிடித்தே பழக்கம். கவனம் வந்தால் மூச்சு நின்றுவிடும். ரஹீமிடம் சொன்னேன்.

"அப்ப கவனமா செய்யாதீங்க லா. பாட்டு ஒன்னு முனகுங்க."

வாயில் குழாயோடு முருகன் பாட்டை முனகினேன். குமிழிகள் பொலபொலவென்று மேலே ஓடின. குளத்தடியில் உட்கார்ந்து மூச்சு விட்டேன், நான்! எதிரே மகள் சிரித்த சிரிப்பில் அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

எழுத்து கோணாமல் இருக்க இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். இதோ, விட்டுவிட்டேன். கோணினால் கோணட்டும்.