யாரோ போல் பார்த்தவர்

ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? நீ கோபித்துக்கொண்டு போய் ஐந்து வாரமாகிறது. தையல் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் காஜாவும் இப்போது நானே எடுக்கிறேன்.

உன் நூலக விழாவில் உன்னை யாரோ போல் பார்த்துவிட்டுப் போனேன் என்றாய். நான் மறுத்தேன், நீ நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்து கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் குறையில்லை என்று நரம்பு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா நம் வீட்டுப் படங்களையே கேட்டு வாங்கி, தலைமுடியை மறைத்து, முகம் மட்டும் காட்டினார். ஒன்றைப் பார்த்து, "கொஞ்சம் கோபக்காரர் போல" என்றேன். அது நான்.

முகத்தை அடையாளம் காண மூளையில் தனி இடம் இருக்கிறதாம். எனக்குப் பிறவியிலேயே அது சரியாக வேலை செய்வதில்லையாம். எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். குரல், நடை, பின்னல் என்று வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். விழாவன்று நீ முடியை வெட்டியிருந்தாய். பேசவும் இல்லை.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "சாக்கு சொல்ல இப்ப மூளையையே இழுத்துட்டாரா?" என்றாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. படம் பார்க்கும்போது பாதியில், "இவன் யாரு, இப்பதான் வர்றானா?" என்று நச்சரிப்பீர்கள். சந்தையில் வேறொருத்தியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தீர்களே. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம்தான் உறுத்தியது. என் முகமே தெரியாதென்றால், பதினோரு வருடத்துக்கு முன் எதைப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

பார்க்கும்போது உன் முகம் நன்றாகவே தெரிகிறது. அழகாகவும் இருக்கிறது. கண்ணை எடுத்தால் மனதில் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

முதல்முறை ரவிக்கை தைக்கக் கடைக்கு வந்து, "கழுத்து இறங்கினா நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தாய். அன்று மாலை வரை அளவுகளைத் தப்பாகவே எழுதினேன். வேறொன்றையும் பார்க்கவில்லை.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 22

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு மதியப் பேருந்தில் வருகிறேன். வாயைத் திறக்காமல் எதிரில் நின்று உங்களைச் சோதித்துப் பார் என்கிறாள் அக்கா. எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஒன்று யோசித்தேன். விழாவில் நானும்தான் உங்களைக் கூப்பிடவில்லை. "தானா பார்க்கட்டும்" என்று வீம்பாக நின்றேன். அந்த ஒரு வீம்புக்கு ஏழு வாரம் போய்விட்டது.

நீங்கள் யாரையும் தேட வேண்டாம். பேருந்து நிலையத்தில் ஓரமாக நில்லுங்கள். நானே பக்கத்தில் வந்து, "நான்தாங்க" என்கிறேன். தினமும் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எனக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

உங்கள் மனைவி