வாயை மட்டும் அசைத்தவர்கள்

தங்கச்சிக்கு,

நம் பாட்டுக் குழுவுக்கு இருபது வயதாகிறது. அதன் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் உன் அத்தான்.

ஆரம்பம் உனக்கே தெரியும். தையல்காரர், தபால்காரர், நீ, நான் என்று பதினெட்டுப் பேர் நூலக மாடியில் பாடினோம், அத்தான் நடத்தினார். சுருதி தப்பியவரின் தோளைத் தொடுவார். தொட்டுவிட்டால் அன்றிலிருந்து வாயை மட்டும் அசைக்க வேண்டும். உன்னைத் தொட்ட அன்றே, "போங்க அத்தான், நீங்களும் உங்க பாட்டும்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். உனக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறு வருடம் என்னைத் தொட்டார். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் தபால்காரர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு அவரையும் தொட்டுவிட்டு, அத்தான் கையை உயர்த்தினார். பதினேழு வாய்கள் அசைந்தன. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கண்ணை மூடிக் கேட்டவர், "இப்பதான் சுருதி சேர்ந்திருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இதை வரலாற்றில் எழுத முடியுமா?

நாங்கள் நலம். வீடு அமைதியாக இருக்கிறது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வீட்டிலும் என் தோளைத் தொட்டுவிட்டார்.

இன்று காலை என் பாப்பா பல் தேய்த்துக்கொண்டே ஏதோ பாடினாள். அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அவள் பின்னால் போய் நின்றார். தொடவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார்.

அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். வாசலில் நின்று என்னைக் கூப்பிடாதே. அவளைக் கூப்பிடு. சீக்கிரம் வந்தால் குரல் கொடுப்பாள்.

உன் அக்கா