பின்னால் நின்ற மான்

மச்சான்,

நேற்று வெள்ளிக்கிழமை. ஆர்ச்வேயில் ரயிலை விட்டு இறங்கி முருகன் கோயிலுக்கு மேடேறிப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு இறைச்சிக் கடைக்காரன் நத்தார்ப் பண்டிகை வருகிறதென்று கண்ணாடிக்குள்ளே முழு மான் ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். தோல் உரிக்காத மான். பின்னங்காலில் மஞ்சள் நிறத்தில் ஒரு நம்பர் வில்லை. எனக்கு முன்னால் பூவும் பழமும் கொண்டுபோன இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். நான் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குக் கிட்டப் போய் அந்த நம்பரை வாசித்தேன். பிறகு கோயிலுக்குப் போக மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. ஒருநாளாவது உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன், இன்றைக்கு எழுதுகிறேன்.

எண்பத்தாறில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த அறை நினைவிருக்கிறதா? ஒரு கட்டில், ஒரு மெத்தை, சுவர் முழுக்க ஈரம். நான் யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெடியன். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் நன்றாக வந்ததால் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் படிவம் நிரப்புகிறவன். நீ வன்னியில் காட்டோரம் பிறந்தவன். கதை குறைவு. அகதி விண்ணப்பத்துக்கான முதல் விசாரணையில் உன் அப்பாவை ஆமி பிடித்துக்கொண்டுபோன திகதியை நீ ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் இன்னொரு மாதிரியும் சொல்லிவிட்டாய். நம்பத்தகுந்தவர் அல்ல என்று எழுதி உன்னை நிராகரித்தார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் உனக்கு வாசித்துக் காட்டினேன். அன்று நீ சொன்னது இவ்வளவுதான்: "ஒரு திகதி பிழைச்சதுக்கு என்னைப் பொய்யன் எண்டுட்டாங்கள்."

அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில்தான் பார்லோ கிழவர் வந்தார். நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு அவருடைய பச்சை வான் வண்டி அடிக்கடி வரும். ஒருநாள் பின்கதவைத் திறந்தபோது உள்ளே இரண்டு மான்கள் கிடந்தன. நகரம் முடிகிற இடத்துக்குத் தெற்கே ஒரு எஸ்டேட் காட்டில் மான் பெருகிவிடாமல் கணக்குப்படி சுடுவது தன் வேலை என்றும், இழுத்து ஏற்ற ஒரு ஆள் தேவை என்றும் சொன்னார். காடு தெரிந்த ஒருவன் என் அறையில் இருக்கிறான் என்றேன். அதற்கு முன்பே உனக்கு வேலை செய்ய அனுமதிக் கடிதம் வந்திருந்தது.

அந்த வானின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த விதிகளை நீ என்னிடம் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாய். எஸ்டேட் ஒவ்வொரு பருவத்துக்கும் எண்ணித்தான் டாக் கொடுக்கும். அந்த மஞ்சள் வில்லையை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மான் விழுந்த இடத்திலேயே, நகர்த்துவதற்கு முன், பின்னங்காலில் அதைப் பூட்ட வேண்டும். பூட்டினால் கழற்ற முடியாது. நம்பர், ஆணா பெண்ணா, எந்த இடம், எத்தனை மணி என்று அங்கேயே புத்தகத்தில் பதிய வேண்டும். டாக் இல்லாத மானை வானில் ஏற்றக்கூடாது. டாக் தீர்ந்தபின் ஒன்று செத்தால், அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, டாக் போடுகிறவர் அன்றைக்கே எஸ்டேட் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"எங்கட காட்டிலை மானுக்கு நம்பர் இல்லை," என்று சிரித்தாய். ஆனால் அந்தக் கொப்பியை நீ பாடமாக்கினாய்.

ஒரு சனிக்கிழமை நானும் கூட வந்தேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. மரங்களுக்குள் எங்கே மான் நிற்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. நீ கிழவரின் முழங்கையைத் தொட்டு ஒரு விரலால் காட்டினாய். அவர் துவக்கைத் தூக்கி நெடுநேரம் குறி பார்த்தார். வெடித்தது. விழுந்த மானருகே நீ குந்தி, பின்னங்காலில் எலும்புக்கும் நரம்புக்கும் இடையில் கத்தியால் சின்னதாகக் கீறி, டாக்கைச் செருகி, இழுத்துப் பூட்டினாய். இழுத்துப் பார்த்து, திரும்பவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாய். பிறகு கையைப் புல்லில் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாய். கிழவர் சூடான தேநீரை முதலில் உனக்குத்தான் ஊற்றித் தந்தார். உன் அப்பீலுக்குத் தான் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். திரும்பி வரும்போது நீ என்னிடம் மெல்லச் சொன்னாய்: "கிழவருக்குக் கண் குறைஞ்சுகொண்டு வருது மச்சான். நான் காட்டினாத்தான் தெரியுது. அவருக்குத் துவக்கை விட்டா வேற ஒண்டும் இல்லை."

பெண்மான் சுடும் பருவம் பெப்ரவரியோடு முடியும். அந்தக் கடைசி நாளில் நீ மத்தியானமே அறைக்கு வந்துவிட்டாய். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தாய். காட்டில் நடந்ததை நான் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். உன்னிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு டாக். கிழவர் ஒரு பெண்மானைச் சுட்டார். நீ பக்கத்தில் இல்லை, வானிலிருந்து கயிறு எடுக்கப் போயிருந்தாய். குண்டு அதை ஊடறுத்துப் பின்னால் நின்ற இன்னொரு மானையும் கொன்றுவிட்டது.

இரண்டாவதைப் பற்றைக்குள் இழுத்துவிடச் சொல்லியிருக்கிறார் கிழவர். நரி பார்த்துக்கொள்ளும், யாருக்கும் தெரியவராது என்றிருக்கிறார். நீ முடியாது என்றுவிட்டாய். அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் கேட்டிருக்கிறார். அதற்கும் நீ தலையை ஆட்டினாயாம். அப்படியென்றால் நீயே எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய் வானில் ஏறிக்கொண்டாராம்.

நான் உன்னை ஏசினேன். சிபாரிசுக் கடிதம் தருகிற மனுஷனைக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறாயே, விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன். நீ கொப்பியை எடுத்து முன்னால் வைத்தாய்.

"ஒளிக்க ஏலாது. இன்னொருக்கா என்னைப் பொய்யன் எண்டு எழுத விடமாட்டன். நீ எழுது, நான் சொல்லுறன்."

எழுத உட்கார்ந்தேன். இடம், நேரம், டாக் நம்பர் எல்லாம் ஒழுங்காகச் சொல்லி வந்தாய். எப்படி நடந்தது என்று நான் கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டாய். சப்பாத்தில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு யோசித்தாய்.

"மூடுபனி எண்டு எழுது. விடியக் காலமை பனி இருந்தது, அது உண்மை. கிழவருக்குத் தெரியேல்லை எண்டு மட்டும் எழுதாதை. பின்னாலை என்ன நிக்குதெண்டு பாக்காமல் வெடி வைக்கிறவனிட்டை அவங்கள் துவக்கை விடமாட்டாங்கள்."

சரி என்றேன். ஆனால் பேனை தாளில் இருந்தபோது எனக்கு வேறு கணக்கு ஓடியது. பனி என்று எழுதினால், பனியில் சுடும்போது நீ ஏன் பார்த்துச் சொல்லவில்லை என்று உன்னைத்தான் கேட்பார்கள் என்று பட்டது. குற்றம் ஒருவர் மேல் விழத்தான் வேண்டும் என்றால் அது நாடுள்ளவன் மேல் விழட்டும் என்று நினைத்தேன். இங்கிலிஷில் எழுதினேன்: சுட்டவர் பின்னால் நின்ற மானைக் காணவில்லை. உதவியாளர் அப்போது பக்கத்தில் இல்லை.

எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னாய். நான் தமிழில், பனி என்று வாசித்தேன்.

நீ கையெழுத்து வைத்தாய். உடனே ரயிலெடுத்துப் போய் அலுவலகம் பூட்டுவதற்கு முன் கொடுத்துவிட்டு வந்தாய்.

ஒரு கிழமைக்குப் பிறகு பார்லோ கிழவர் எங்கள் அறைக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. எஸ்டேட் கண் பரிசோதனைக்கு அனுப்பியதாகவும், துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தாயிற்று என்றும் சொன்னார். பிறகு எஸ்டேட்டில் கொடுத்த அந்தத் தாளின் பிரதியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நான் எழுதிய வசனத்தை மெதுவாக வாசித்தார். இதை நீயா சொன்னாய் என்று உன்னைக் கேட்டார்.

உனக்கு அந்த அளவு இங்கிலிஷ் விளங்கும். நீ தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நான்தான் எழுதினேன், இவன் வேறு சொன்னான் என்று ஒரு வசனம். எனக்கு அந்தப் பாஷை வரும். ஆனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னுடைய விண்ணப்பமும் அப்போது முடிவில்லாமல் கிடந்தது. சொன்னதை மாற்றி எழுதின பொய்யன் என்று எங்கேயாவது பதிந்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதையும் உனக்கு மறைக்கவில்லை, இன்றைக்கு.

"யெஸ்," என்றாய் நீ. "மை சைன்."

கிழவர் தலையை ஆட்டினார். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். சொன்னபடி எழுதியிருக்கிறேன் என்றார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். நீ பின்னால் போனாய். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அந்தக் கடிதத்தின் எழுத்துகள் பெரிது பெரிதாக, வரி மேலே ஏறிக்கொண்டு போயின. இவன் தனக்கு நட்டம் வந்தாலும் பொய் சொல்லாதவன், அதை நான் என் செலவில் தெரிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தார். அதை உனக்கு வாசித்துக் காட்டும்போது ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாய். சத்தம் போடவில்லை.

"நீ எழுதினது உண்மைதான். ஆனா நான் சொல்லுறதை எழுதத்தானே உன்னட்டை வந்தனான்."

மச்சான், கிழவர் துவக்கை ஒப்படைத்தது சரிதான். அன்று அந்த மானுக்குப் பின்னால் நாயோடு நடக்க வந்த ஒரு மனுஷன் நின்றிருக்கலாம். அதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லியும் ஒன்றும் இலேசாகவில்லை.

அடுத்த வருஷம் உன் அப்பீல் வென்றது. வக்கீல் அந்தக் கடிதத்தைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். செய்தி வந்த கையோடு நீ கிழவரின் வீட்டுக்குப் போனாய். வீடு விற்பனைக்கு என்று பலகை நின்றது. மகளோடு கடற்கரைப் பக்கம் எங்கோ போய்விட்டார் என்றார்கள். தெரிந்த பழைய விலாசத்துக்கு நீயே ஒரு கடிதம் எழுதிப் போட்டாய். எழுத்துப் பிழையோடு, என்னிடம் காட்டாமல். பதில் வரவில்லை.

அதற்குள் நீ மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாய். நாளடைவில் அறையில் மற்றவர்கள் எல்லோரும் படிவத்தோடு என் முன்னால் இருப்பார்கள். நீ ஜன்னலோரம் அகராதியோடு இருப்பாய். கவுன்சில் படிவம், பெனிபிட் உதவிப்பணப் படிவம், பிறகு கலியாணப் பதிவு, ரெய்னர்ஸ் லேனில் கடை எடுத்தபோது வந்த கட்டுக் கட்டான தாள்கள் எல்லாவற்றையும் நீயே நிரப்பினாய். என்னோடு கோபமில்லை. உன் கலியாணத்தில் தோழனாக நின்றது நான்தான். கடைக்கு வந்தால் சாப்பிடாமல் விடமாட்டாய். ஆனால் ஒரு தாளைக்கூட அதற்குப் பிறகு என் கையில் தரவில்லை. ஒருமுறை உன் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அந்தக் காட்டு விஷயம் என்று தொடங்கினேன். "விடு மச்சான், உந்த மூட்டையைப் பிடி," என்றாய். பிடித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு, உனக்கு நாற்பது வயது தாண்டிய கொஞ்ச நாளில், கடை திறக்கும்போது விழுந்துவிட்டாய் என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் வலப்பக்கம் அசையவில்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் நல்ல தெளிவாக இருந்தது. நோயாளியைப் பற்றித் தாதிமார் தெரிந்துகொள்ள ஒரு படிவம் தந்திருந்தார்கள். உன் மனைவி அதை என்னிடம் நீட்டினா.

"அண்ணை, எனக்கு இப்ப எழுத ஏலாது. நீங்கள் அவரைக் கேட்டு எழுதுங்கோ. அவருக்கு என்ன வேணுமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

நீ அந்தத் தாளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஓம் என்றால் கண்ணை ஒருமுறை மூடச் சொன்னேன். எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன சாப்பிடுவாய், வெளிச்சம் வேண்டுமா, சாமிப்படம் வைக்கவா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதினதை ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. நோயாளி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டிருந்தார்கள்.

அதைக் கேட்டதும் உன் இடக்கை எழும்பியது. என் மணிக்கட்டைப் பிடித்தாய். வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. திரும்பவும் அதே சத்தம். தண்ணியா என்று உன் மனைவி கேட்டா. நீ கண்ணை மூடவில்லை. பிள்ளைகளா, கடையா என்று நான் கேட்டேன். கிழவரா என்றும் குனிந்து உன் காதுக்குள் கேட்டேன். எதற்கும் நீ கண்ணை மூடவில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. பிறகு களைத்துப்போய்க் கையை விட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

இன்றைக்கும் சனம் என்னிடம் படிவத்தோடு வருகிறது. எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் என் மணிக்கட்டில் இருந்த அந்தப் பிடியின் அர்த்தம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று தாதி வந்து படிவத்தைக் கேட்டபோது, உன் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று ஏதாவது ஒன்றை நான் எழுதியிருக்கலாம். பேனை கையில்தான் இருந்தது. எழுதவில்லை மச்சான். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தேன்.