அந்த அம்மா விழும் இடம்

உன் மரக்காலணிகளை உன் மனைவி இங்கே எடிசன் நகரத்து இந்திய மளிகைக் கடைப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். பையைத் திறந்ததும் வியர்வையும், மரத்துக்கு நீ தடவிய தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் யாராவது போவார்களா?

பாலே வகுப்பில் நம் பெண்களை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்த அப்பாக்கள் நாம். பணக்கார வீட்டு அசட்டுப் பையனுக்கு மகளைக் கட்டிவைக்கத் துடிக்கும் அம்மா, அவள் கண்ணில் மண்ணைத் தூவும் மகள். இந்தக் கதையுள்ள பழைய பிரெஞ்சு வேடிக்கை பாலே ஒன்றை அந்த நடனப் பள்ளியில் வருஷா வருஷம் போடுவார்கள். அம்மா வேடத்தை ஆண் போடுவதுதான் ஆதிநாள் வழக்கம் என்று டீச்சர் சொன்னதும், "நம்ம ஊர் கூத்துலயும் அப்படித்தானேடா, நான் ட்ரை பண்றேன்" என்று காரைவிட்டு இறங்கினாய்.

ஒத்திகை என் வீட்டு பேஸ்மென்ட்டில். செருப்புக் காலோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். ஆகவே அந்த அம்மா ஆடும் மரக்காலணி நடனத்தை இரண்டு மாதமும் சாக்ஸில் ஆடிப் பழகினாய். மேடையில் காலணியோடு இறங்கியதும் நான்காவது அடியில் மல்லாந்து விழுந்தாய். கோழிக்குஞ்சு வேடத்தில் நின்ற உன் ஏழு வயது மகள் "அப்பா" என்று கத்தியபடி ஓடிவந்து உன்னைத் தூக்கினாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருஷம் டீச்சரே அந்த இடம் இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நீ விழுந்தாய், அவள் தூக்கினாள். புதிதாகச் சேர்ந்த பெற்றோர்கள் அது பிரான்சிலிருந்தே வந்த வழக்கம் என்று நம்பினார்கள். நீயும் மறுக்கவில்லை, திருடா.

இப்போது புது டைரக்டர். ஒரிஜினலில் அந்த விழுகை கிடையாது, விழுந்தவரும் இப்போது இல்லை, எடுத்துவிடலாம் என்றார், மரியாதையாகத்தான். உன் மகளுக்கு இந்த வருஷம் மகள் வேடம். கல்லூரிக்குப் போகுமுன் அவளுக்கு இதுதான் கடைசி மேடை. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேடத்தை நான் போடுகிறேன், விழவும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன், என் முழங்கால்களைக் கேட்காமலே. வியாழக்கிழமை ஒத்திகையில் பார்க்கிறேன், தேறாவிட்டால் எடுத்துவிடுவேன் என்றார் டைரக்டர்.

நேற்று பழகும்போது விழுந்தேன். அவள் ஓடிவரவில்லை. மெல்ல நடந்து வந்து கைகொடுத்தாள்.

"அங்கிள், யூ லுக் டவுன் பிஃபோர் யூ ஃபால். அப்பா நெவர் டிட்."

உண்மைதான். ஒருமுறைகூட நீ கீழே பார்த்ததில்லை. அவள் வருவாள் என்று உனக்குத் தெரியும். எனக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லாமல் போயிருக்கிறது. அவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

நேற்று இன்னும் ஆறு முறை விழுந்தேன். ஆறாவது முறை அவள் ஓடிவந்தாள். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு விழுகைதான், அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நாளை வியாழன். கீழே பார்க்க மாட்டேன்.