யாமினியின் பிளானில் கட்டுகிற வீடு

சித்தூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் யாமினிக்கு நைனா எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் நலம், அங்கே டப்ளினில் நீயும் சளியை விரட்டிவிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், வாட்ஸ்அப் குரூப்பில் அவள் தம்பி கன்னையா உட்கார்ந்திருக்கிறான், அதனால்தான் தபால். நீ கிளவுட் ஆர்க்கிடெக்ட் பரீட்சை பாஸ் செய்ததில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டேன், என் மகள் ஆர்க்கிடெக்ட் என்று. கிளவுட் வாயில் நுழையவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டேன். வினையே அங்கேதான்.

பலமனேரில் உன் கன்னையா மாமாவும் அவன் அண்ணனும் சேர்ந்து இருக்கப் புது வீடு கட்டுகிறார்கள் அல்லவா, நீ படிக்கும்போது குரூப்பில் கட்டம் கட்டமாக ஒரு படம் போட்டாயே, அதை வீட்டு பிளான் என்று நினைத்துக் கன்னையா பிரிண்ட் எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டான். மேஸ்திரியும் லேசுப்பட்டவன் இல்லை. ஃபயர்வால் என்றால் அக்னி மூலையில் அடுப்படிச் சுவர், லோடு பேலன்சர் என்றால் ஹாலுக்கு மேலே போகிற பீம் என்று எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்லியிருக்கிறான். ஏன் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறது என்று மாமா என்னைக் கேட்டான். நீ ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்து, ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று வேலை செய்யும் என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொல்லிவிட்டேன். உடனே இரண்டு சமையலறைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். அப்புறம்தான் எங்கள் மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸ் சஞ்சய் சொன்னான், அது வீடு கட்டுகிற படிப்பே இல்லையாம், கம்பெனிகளின் கம்ப்யூட்டர் வேலை நிற்காமல் ஓடத் திட்டம் போடுகிற படிப்பாம். மாமா வாழ்நாளில் கட்டுகிற ஒரே வீடு, அதைக் கெடுத்துவிட்டோமே, அஸ்திவாரம் தோண்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அங்கே போனால் பத்மினி அத்தையும் அவள் ஓரகத்தி அம்சவேணியும், ஒரே அடுப்புக்கு ஒன்பது வருஷமாக அடித்துக்கொள்கிறவர்கள், ஜோடியாகத் திருப்பதிக்குப் போய் இரண்டு சிங்க் வாங்கிக்கொண்டு ஒரே ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். சிரித்துக்கொண்டு! மாமா என்னிடம், இன்னா மாமா பாத்துக்கினு நிக்கிறே, வூட்ல சண்டை நின்னு நாலு நாள் ஆவுது, உம் பொண்ணு படிச்ச படிப்பு சும்மா இல்ல என்று சொல்லி அழுதேவிட்டான். சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டு, அவர்கள் போட்ட கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே மாமா போன் செய்தால் உண்மையைச் சொல்லித் தொலைக்காதே. ஆமாம் மாமா, உங்கள் வீட்டுக்குத்தான் போட்டேன் என்று ஒரே ஒரு பொய் சொல். பொய் சொன்னால் தோலை உரிப்பேன் என்று வளர்த்த நானே கேட்கிறேன். நீ என்ன படித்தாய் என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, ஆனால் பெருமையில் ஒரு குறைச்சலும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. ஏழுமலையான் உனக்குத் துணையிருப்பான், நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் படத்தில் ஓரமாக பக்கெட் என்று எழுதியிருக்கிறாயாம். கடிதம் கிடைத்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடு, ஒரு தடவை என்றால் பாத்ரூம், இரண்டு தடவை என்றால் கிணற்றடி. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான்.

உன் நைனா,
கு. முனிரத்தினம்