மூன்று பொங்கல் தின்றவனுக்கு

இன்று காலை பால் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. பொங்கி வழிந்த பால் சூடான செங்கல்லில் பட்டுக் கருகுமே, அந்த வாடை. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, செத்தவருக்கு யாராவது லெட்டர் போடுவாங்களா?" என்று கேட்டாள். "நீ எழுதும்மா. திட்டுறதுக்கு விலாசம் எதுக்கு?" என்றேன்.

திட்டத்தான் போகிறேன்.

குடியாத்தத்துப் பக்கமிருந்து வந்து, ராணுவ டிப்போவில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். இந்தத் தெலுங்கு ஊரில், போலாரத்தில், அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு முள்கம்பி வேலி. சங்கராந்தி அன்று தெருவே மொட்டைமாடியில் ஏறிப் பட்டம் விடும். வாசலில் செங்கல் கூட்டிப் பானை வைப்பது நாம் இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். யார் பானை முதலில் பொங்குகிறது என்று நமக்குள் போட்டி. ஒரு வருஷமாவது நான் ஜெயித்திருக்கிறேனா? என் பாலில் ஆடை கட்டும்போதே வேலிக்கு மேல் உன் தலை தெரியும்.

"பொங்கிச்சுடா! இன்னாடா, உன்னுது இன்னும் தூங்குதா?"

"உன் பானைக்கு வாய் சின்னது, அதான் சீக்கிரம் பொங்குது. அதுக்கும் சேத்துதான் ஆண்டவன் உனக்கு வாயைப் பெருசா வச்சிருக்கான்" என்பேன். வேறென்ன சொல்வது?

உன் பையன் அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்தான், சிகாகோ போனான், உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டான். என் பையன் இங்கேயே பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போனான். நீ விமானம் ஏறிய நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பொங்கல் நெருங்கியபோது மனதுக்குள் ஒரு சந்தோஷம். இங்கே விடியும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம்தானாம். சூரியனே எனக்குத்தான் முதலில் வருகிறான், இந்த வருஷம் நான்தான் என்று அவசரமில்லாமல் அடுப்பை மூட்டினேன்.

நுரை மேலே ஏறி வருகிறது. மருமகள் ஓடி வந்து செல்லை என் காதில் வைத்தாள்.

"பொங்கிச்சுடா!"

"டேய், உங்க ஊர்ல இன்னும் போகியே முடியலியேடா!"

"என் வாட்ச் போலாரம் டைம்தான். மாத்தவேயில்ல. பேச்சு நக்கோ, ஒண்ணும் பேசாத. தோத்தவன் தோத்தவன்தான்."

உன் மருமகள் பின்னால் நின்றுகொண்டு, "ஐயோ மாமா, பொங்கல் நாளைக்கு!" என்று கத்தியது எனக்கும் கேட்டது. ராத்திரியில், வெளியே பனி கொட்டும்போது, சூரியன் இல்லாமல் கேஸ் அடுப்பில் ஒரு பொங்கல்! அதோடு விட்டாயா? மறுநாள் அவர்கள் நாளில் ஒன்று. சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் ஊர்த் தமிழர்கள் எல்லாரும் கூடி இன்னொன்று. "நூறு பேருடா! குளுருக்கு பேண்ட்டுக்கு மேலயே வேட்டி. வடை, மொச்சைக் கொழம்பு, ரெண்டு பாயாசம்" என்று போனில் நீ அடுக்கியபோது என் பையன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பொங்கலன்றும் அவன் அப்படித்தான் கிடந்தான். பேத்தி பட்டத்தோடு மாடியில். வாசலில் நான் மட்டும். உனக்கு மூன்று பொங்கல். எனக்கு ஒன்று, அதிலும் தோல்வி. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அதே கதைதான்.

போன ஆடியில் நீ அங்கேயே கண்ணை மூடினாய். எனக்கு வந்தது ஒரு சின்னப் பெட்டியில் சாம்பல். சனிக்கிழமைப் பந்தியில் உன்னோடு உட்கார்ந்தவர்கள்தான் உன் முகத்தையும் பார்த்தார்கள். நாலு தடவை விருந்து தின்றவர்களுக்கு உன் முகம், நாற்பது வருஷம் வேலியோரம் நின்றவனுக்குச் சாம்பல். இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

பெட்டியோடு வந்த தங்கச்சி, உன் வீட்டுக்காரி, சொன்னாள்: "அண்ணே, அந்த மண்டபத்துல இவர் எலையில ஒரு கரண்டிதான் வாங்குவாரு. கேட்டா, 'நான் அவன்கூட அன்னிக்கே சாப்ட்டாச்சு'ம்பாரு." அவள் அழுதாள். நானும் அழுதேன். அப்போதும் என் வயிறு ஆறவில்லை. நீ தொடாமல் விட்ட வடை எவன் இலைக்குப் போனதோ என்றுதான் நினைத்தேன்.

இன்று போட்டிக்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பானை வைக்க மாட்டார்கள். ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தும் கை சுள்ளியை வேகமாகத் தள்ளவில்லை. பால் விளிம்பைத் தொட்டது. அந்த நேரம் பார்த்துப் பேத்தி உள்ளேயிருந்து, "தாத்தா, போன் ஒச்சிந்தி!" என்று தெலுங்கில் கூவிக்கொண்டு செல்லைக் கொண்டுவந்து நீட்டினாள்.

உன் பையன்.

"மாமா, இங்க பொங்கிடுச்சு."

"இன்னிக்கு உங்களுக்குப் போகிதானேப்பா?" என்றேன்.

"ஹவ் மாமா, போகிதான். ஆனா அப்பா வாட்சைத்தான் கட்டியிருக்கேன். டைம் மாத்தல. உங்களுது இன்னும் பொங்கலியா?"

உன் குரலேதான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில், என் பானை ஆள் பார்க்காமல் பொங்கிக் கல்லெல்லாம் வழிந்து கருகிவிட்டது. வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். "பொங்கிச்சுப்பா. நீதான் முதல்ல" என்றேன். அவன் சிரித்தான்.

என் பையன் உள்ளே போர்த்திக்கொண்டு தூங்குகிறான். எனக்குப் பிறகு என் அடுப்புக்காக எவன் வாட்சைத் திருப்பாமல் வைத்திருக்கப் போகிறான்? செத்தும் ஜெயிக்கிறாயேடா, பாவி. நீ எனக்கென்று விட்டுப்போனது இந்த வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அது அணையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு வாய் சின்னதாக ஒரு பானை வாங்கச் சொல்லியிருக்கிறேன். மருமகள் எழுதாமல் சிரிக்கிறாள். எழுதும்மா, அதையும் எழுது.