தாழ்ப்பாள் போடாத கதவு

என் செல்வம், படுபாவி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த ரிச்சர்ட்சன் ஊரில் அதே அபார்ட்மெண்ட்தான். உன் அறைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை.

அந்த ஊமைப்படம் நினைவிருக்கிறதா? லைப்ரரியில் கழித்துப் போட்டார்கள் என்று ஒரு வீடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, குதிரைக்காரன் கதை. எந்த நாவலிலிருந்து எடுத்தார்களோ அதையும் தேடிப் படித்துவிட்டு என்னோடு சண்டை போட்டாய். “புக்ல அவன் வீட்டுக்கு வந்துடறான்டா. படத்துல பாலைவனத்துலயே சாகடிச்சுட்டானுங்க. நான் விடமாட்டேன்.” அதற்காகவே கடைசிக் காட்சிக்குத் தமிழில் வசனம் பேசி ஆடியோ கேசட்டில் பதிந்தாய். முதலில் சாப்பாட்டு மேஜையை மூன்று முறை தட்டினாய். பிறகு, “அம்மா, கதவைத் திற. நான் வந்துட்டேன்.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுவாரமே, மழையில், ஃப்ரீவேயில் கார் புரண்டு நீ போய்விட்டாய்.

உன் சாமான்களைக் கட்டும்போது ஒரு தப்பு செய்தேன். மாதாமாதம் அம்மாவுக்குப் பேசி அனுப்புவாயே, அந்தக் கேசட் என்று நினைத்து இந்த வசனக் கேசட்டையும் உன் சட்டைகளோடு ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டேன். போட்டுக் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன சனிக்கிழமை காலை அம்மாவிடம் பேசினேன். “அவனக் கொண்டாந்த பொட்டியத் தொறந்தே காட்டலையே கண்ணு. இவன் என்னடான்னா மூணு தட்டுத் தட்டி, வந்துட்டேங்கறான். நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள நின்னுபோகுது. அதான் தாப்பா போடறதில்ல” என்றார்.

தனியாக இருக்கிறவர், செல்வம். அது சினிமா வசனம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார். “டேப்பு ரிப்பேராயி ஒரு மாசமாச்சு கண்ணு. ஆனாலும் தட்டறான்.”

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டேன். பகல் பதினொரு மணி. கடைசியில் குதிரை மட்டும் வீட்டு வாசலுக்கு வருகிறது, தாய்க்காரி கதவைத் திறக்கிறாள். துளி சத்தமில்லாத படம். எனக்குப் பின்னால், மேஜையில், மூன்று தட்டு கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நீதானாடா? உன்னை நினைத்து எனக்குப் பயம் வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

டிக்கெட் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அது சினிமா வசனம் என்ற உண்மையைச் சொல்வேன். அழுதால் கூடவே இருப்பேன். அன்று அவர் கையாலேயே தாழ்ப்பாள் போடவைப்பேன். போனதும் கதவைத் தட்டமாட்டேன், தெருவில் நின்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

நீயும் அன்றைக்குத் தட்டாதே.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பிள்ளை,
கதிரேசன்